தூணின் ஐந்தொகை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் காலை வேளையில் போனால், பழம்பொருள் கடைக்காரர்கள் சரக்கை வெளியே எடுத்து அடுக்குவதைப் பார்க்கலாம். எனாமல் கேரியர், பித்தளைக் குத்துவிளக்கு, ரசம் உதிர்ந்த பெல்ஜியம் கண்ணாடி, எப்போதோ நின்றுபோன சுவர்க் கடிகாரம். பர்மா தேக்குத் தூண்களுக்கு மட்டும் இந்த அலைச்சல் கிடையாது. தூக்க நாலு ஆள் வேண்டும். சுவரில் சாய்த்தது சாய்த்தபடி இருக்கும்.

அதில் ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். உயரம் 12 அடி, விட்டம் 1 அடி. அடிப்பக்கத்தில், வீட்டைப் பிரித்தவர்கள் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண்: 7. வளவைச் சுற்றி நின்ற தூண்களில் ஏழாவது. கன அடிக் கணக்கில் சுமார் ஒன்பதரை. எடை 175 கிலோ வரும். இந்த 175 கிலோவை இங்கே கொண்டுவந்து சேர்க்க என்னென்ன எரிந்தது என்று கேட்டால், கதையை ஐராவதி ஆற்றங்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் பர்மாக் காட்டில் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயும். காய்ந்தபின் வெட்டி, யானையை விட்டு இழுத்து ஓடைப்படுகையில் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். வெள்ளம் வந்தால் ஓடை ஆற்றில் சேர்க்கும். ஆற்றில் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை மிதக்கவிடுவார்கள். மரம் வெட்டிய ஆளும் அதை ரங்கூன் மரவாடியில் அறுத்த ஆளும் ஒரே மரத்தைப் பார்த்தது சில சமயம் சில வருஷ இடைவெளியில். ரங்கூன் வந்து சேரும்வரை எரிந்தது எதுவுமில்லை. யானை, வெள்ளம், காத்திருப்பு, அவ்வளவுதான்.

அந்தக் காட்டுக்கு 1856-இல் ஒரு கணக்கர் வந்திருந்தார். பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். ஜெர்மானியர், தாவரவியல் படித்தவர். பெகு தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளராக வெள்ளைக்காரன் அவரை அமர்த்தினான். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத காலம். பிராண்டிஸ் யானைமேல் போனார். இடது கையில் நாலு மரக்குச்சி, மரத்தின் பருமன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி. வலது கையில் பேனாக்கத்தி. கண்ணில் தேக்கு பட்டால் உரிய குச்சியில் ஒரு வெட்டு. ஈரத்தில் காகிதம் நிற்காத மழைக்காட்டில் அதுதான் பேரேடு. அந்தக் குச்சிகளைக் கூட்டிப் பார்த்துத்தான், வருஷத்துக்கு இத்தனை மரத்துக்குமேல் வெட்டக் கூடாது என்று ஓர் எல்லை போட்டார். அந்த அளவு வெட்டரிவாளுக்குக் கடிவாளமானது.

கணக்கு என்றால், பர்மாவில் கடை வைத்திருந்த நகரத்தார் என்னும் செட்டியார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் உட்கார்ந்த மேலாள், நாள்வழியில் எழுதிப் பேரேட்டில் ஏற்றி, வருஷ முடிவில் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார். பற்று, வரவு, வட்டி, நிலுவை எல்லாம் அந்தத் தாளில் நிற்கும். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புரண்ட முதல் 75 கோடி ரூபாய் என்றும் பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் முகப்பாக, பட்டசாலையாக, வளவாக எழுந்தது. ஏழாம் எண் தூணுக்கும் கணக்கு எழுதியிருப்பார்கள். மர விலை, அறுப்புக் கூலி, கப்பல் கேள்வு, சுங்கம், வண்டிச் சத்தம். எழுதாத செலவு ஒன்றே ஒன்று: புகை.

ரங்கூனிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 1000 கடல் மைல். வங்கக் கடலில் அப்போது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள்தான் ராஜா. நிலக்கரியை வாரிக் கொட்டக் கொட்ட அவை ஓடின. நம் கரையில் பெரிய கப்பல் அணைய ஆழம் கிடையாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணி போய்ச் சரக்கை இறக்கிவரும். மரத்தைக் கப்பலோடு கட்டிக் கடலில் இழுத்தே வந்தார்கள் என்றும் செட்டிநாட்டில் ஒரு பேச்சு உண்டு. கரை சேர்ந்த மரம் மாட்டுவண்டி ஏறியது. காரைக்குடிக்கு ரயில் வந்ததே 1930-இல்தான். அதற்கு முந்திய வீடுகளின் தூண்கள் எல்லாம் காளைகள் இழுத்தவை. ஆக, காட்டிலிருந்து வளவு வரை இந்தத் தூணின் பயணத்தில் புகைவிட்ட இடம் கடல் ஒன்றுதான்.

புகையைக் கணக்கில் ஏற்ற உலகத்துக்கு இன்னொரு நூற்றாண்டு பிடித்தது. லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, எண்ணெய்க் கசிவையும் குப்பையையும் கட்டுப்படுத்தும் மார்போல் ஒப்பந்தத்தை 1973-இல் கொண்டுவந்தது. காற்று மாசுக்கான இணைப்பு 2005-இல்தான் அமலானது. 2013 முதல், புதிதாகக் கட்டும் கப்பல் ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுபோக எத்தனை கிராம் கரியமில வாயு விடும் என்பதற்கு வரம்பு வந்தது. 2019 முதல், 5000 டன்னேஜுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கப்பலும் வருஷம் முழுக்க எரித்த எண்ணெயைக் கணக்குக் காட்ட வேண்டும். கப்பலில் எரியும் கனத்த உலை எண்ணெய் ஒரு டன் என்றால் வெளியேறும் கரியமில வாயு 3.114 டன், காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் புகை எண்ணெயைவிட எடை கூடியது. 2020 ஜனவரி முதல் அந்த எண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு மூன்றரை வரை அனுமதி இருந்தது. 2023 முதல் கப்பலுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை கிரேடு. ஒரு வருஷம் ‘ஈ’ வாங்கினாலோ, தொடர்ந்து மூன்று வருஷம் ‘டி’ வாங்கினாலோ, எப்படித் திருத்திக்கொள்ளப் போகிறாய் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் நம் தூணை ஏற்றிப் பார்க்கலாம். கப்பல் ஒரு டன்-மைலுக்கு 10 கிராம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 175 கிலோத் தூண் 1000 கடல் மைல் வந்தால் 1750 கிராம். ஒன்றே முக்கால் கிலோ. அந்தக் காலத்து நிலக்கரிக் கப்பல் இதைப் போல ஐந்து மடங்கு கக்கியிருக்கும் என்று வைத்தாலும் ஒன்பது கிலோவைத் தாண்டாது. காய்ந்த மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை கார்பன். அதைக் கரியமில வாயுவாக மாற்றிச் சொன்னால், இந்தத் தூண் தனக்குள் பூட்டி வைத்திருப்பது 320 கிலோ அளவுக்கு. நூறு வருஷமாக வளவில் நின்றபடி அது கட்டிக் காத்த முதல் இது. வட்டி கேட்கவில்லை, எப்போதாவது ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

இதே தூணை இன்று லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பினால், 200 கிலோமீட்டருக்கு, டன்-கிலோமீட்டருக்கு 80 கிராம் என்று போட்டால், 2800 கிராம். ஆயிரம் கடல் மைல் கடல் பயணத்தைவிட இந்தச் சிறு சாலைப் பயணம் அதிகம். கப்பல்காரர்கள் இதைத்தான் எப்போதும் சொல்வார்கள்: எங்களைப் போலச் சிக்கனம் யார்? டன்னுக்கும் மைலுக்கும் வகுத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி.

சிக்கலும் அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. கிரேடு போடும் கணக்கில், கப்பல் உண்மையில் ஏற்றிய சரக்கால் வகுப்பதில்லை. எவ்வளவு ஏற்ற முடியும் என்ற கொள்ளளவால் வகுக்கிறார்கள். அதனால் வெறுங்கப்பலாக ஓடினாலும் சரக்கு ஏற்றியதாகவே கணக்கு. பாரம் இல்லாததால் எண்ணெய் குறைந்து கிரேடுகூட ஏறலாம். மாறாக, துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் பத்து நாள் நங்கூரம் போட்டு நின்றால், மைல் ஓடாமல் எண்ணெய் மட்டும் செலவாகி, கேப்டன் செய்யாத குற்றத்துக்குக் கிரேடு இறங்கும். போகாத சரக்குக்கு வரவு வைக்கும் பேரேட்டை எந்த மேலாளும் கையெழுத்திட்டு அனுப்பமாட்டார்.

துறைமுகத்துக் கணக்கும் இதே சாயல்தான். 2023 மே மாதம் மத்திய அரசு ‘ஹரித் சாகர்’ என்ற பசுமைத் துறைமுக வழிகாட்டுதலை வெளியிட்டது. கையாளும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் ஆகும் கார்பனை 2030-க்குள் 30 சதவீதமும் 2047-க்குள் 70 சதவீதமும் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. செய்ய வேண்டியவை தெளிவானவை: டீசல் கிரேனை மின்சாரத்துக்கு மாற்றுவது, காற்றாலையும் சூரிய ஒளியும், கட்டிக் கிடக்கும் கப்பல் துணை எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்க வழி செய்வது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் பசுமை ஹைட்ரஜனுக்கான மையங்களில் ஒன்றாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. 1906-இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவரின் பெயர் தாங்கிய துறைமுகத்துக்கு இது பொருத்தமான வேலைதான். ஆனால் ‘டன்னுக்கு இவ்வளவு’ என்னும்போது, கனமான நிலக்கரியை அதிகம் இறக்கும் துறைமுகம் வகுக்கும் எண்ணைப் பெருக்கிக்கொண்டு நல்ல பெயர் வாங்கிவிடலாம். அந்த நிலக்கரி அனல்மின் நிலையத்தில் எரியும்போது வரும் புகை வேறொருவர் பேரேட்டில் போய் உட்காரும்.

வகுக்கவே முடியாத பற்றும் உண்டு. எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று ஒரு மட்டியைச் சபிக்கிறார்கள். தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரிலோ அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆற்றுப் படுகையில் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, மஞ்சள் மட்டியையும் இறால் இருக்கும் இடத்தையும் மூடிவிட்டது. அதைக் கொண்டுவந்த கப்பல் ‘ஏ’ கிரேடு கப்பலாகவே இருந்திருக்கலாம். டன்-மைலுக்கு எத்தனை மட்டி என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

இனி தேக்கின் புது வழிக்கு வருவோம். 2014 ஏப்ரலோடு மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று தூத்துக்குடியில் கன்டெய்னர் கன்டெய்னராக இறங்கும் தேக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்தது. ஈக்வடாரிலிருந்து வருவதென்றால் எந்தப் பக்கமாக வந்தாலும் பத்தாயிரம் கடல் மைலுக்குக் குறையாது. அதே அளவுத் தூண், அதே 10 கிராம் கப்பல்: பதினேழரை கிலோ. ரங்கூன் மரத்தைவிடப் பத்து மடங்கு. ஆனால் ஆயிரம் மைல் ஓடிய கப்பலும் பத்தாயிரம் மைல் ஓடிய கப்பலும் ஒரே கிரேடு வாங்கும். மைலால் வகுத்த உடனே தூரம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. இந்தச் சரக்கு இவ்வளவு தொலைவு வரத்தான் வேண்டுமா என்று கேட்க அந்த எண்ணுக்கு வாய் இல்லை.

உலகக் கப்பல்கள் விட்ட கரியமில வாயு 2012-இல் 96.2 கோடி டன், 2018-இல் 105.6 கோடி டன். இந்த ஆறு வருஷத்தில் டன்-மைல் கணக்கு இறங்கியது, மொத்தம் ஏறியது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சொந்த ஆய்வே சொல்கிற எண்கள் இவை. பிராண்டிஸ் குச்சியில் வெட்டியது ‘காட்டில் இவ்வளவுதான் இருக்கிறது’ என்று. நகரத்தார் ஐந்தொகையில் எழுதியது ‘இவ்வளவு நிலுவை’ என்று. இருவருக்கும் வேண்டியிருந்தது மொத்தம். 2050-ஐ ஒட்டி நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோம் என்று 2023-இல் நாடுகள் ஒப்புக்கொண்டது அப்படியொரு மொத்தக் கணக்கை நோக்கிய பேச்சுதான். ஆனால் அந்த வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் சட்டகத்தை 2025 அக்டோபரில் லண்டனில் எடுத்தபோது, முடிவை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுக் கலைந்தார்கள்.

தூண் கதைக்கு இன்னும் ஒரு பயணம் பாக்கி. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். பர்மா போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வீடுகளுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்கக் கை குறைந்தது. ஒன்றொன்றாகப் பிரித்தார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய பிறகும் பிரிப்பது நிற்கவில்லை. நூறு வயது தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு விற்க 1972-ஆம் வருஷத்துச் சட்டம் விடாது. அதனால் ஏழாம் எண் தூண் மறுபடி கப்பல் ஏற வழியில்லை. பெங்களூரில் வீடு கட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரியில் 430 கிலோமீட்டர், ஆறு கிலோ. 320 கிலோவை இன்னொரு நூறு வருஷம் பூட்டி வைக்க அது கொடுக்கும் கூலி அவ்வளவுதான்.

வாங்க வந்தவர் தூணைத் தட்டிப் பார்க்கிறார். கடைக்காரர் டேப்பை எடுத்துச் சுற்றளவு பிடிக்கிறார், உயரம் பிடிக்கிறார், ஒரு அட்டையின் பின்புறம் பெருக்கிக் கூட்டிக் கன அடிக்கு விலை சொல்கிறார். வந்தவர் குறைத்துக் கேட்கிறார். கடைக்காரர் பதில் சொல்லாமல் விரல் மடக்கித் தூணை ஒரு தட்டுத் தட்டுகிறார்.