கோலப்பொடியில் வரைந்த ஊர்



நம்ம ஊருக்கு ஆய்வுன்னு வந்தவங்க எத்தனையோ பேர். திண்ணையில் உட்கார்ந்து, "எத்தனை ஆடு, எத்தனை மாடு, வருமானம் எவ்வளவு?" என்று எழுதிக்கொண்டு போவார்கள். எழுதியது என்ன ஆச்சுன்னு திரும்பி வந்து சொன்னவங்க இல்லை. கடன் கிடைக்குமே என்று வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு, நானும் சொல்லியிருக்கேன்.

இந்த முறை மாறியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970களில் வட ஆற்காடு கிராமங்களில் பசுமைப் புரட்சி பற்றிய ஆய்வில் இருந்தவர் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஊர் மக்களே வரைந்து, எண்ணி, தரம் பிரித்து ஆராய முடியும் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். 1990 வாக்கில் கர்நாடகத்தில் மைராடா நிறுவனம் அதைச் செய்து காட்டியது. அதே காலத்தில்தான், 1989-ல், தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம்ம சுய உதவிக் குழுக்கள் தொடங்கின.

2005-ல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில் அது 'மக்கள் நிலை ஆய்வு' என்ற பெயரில் எங்க ஊராட்சிக்கும் வந்தது. கோயில் முன்னால் தரையில் கோலப்பொடியால் தெருக்களை வரைந்தோம். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தோம். வசதி, நடுத்தரம், ஏழை, மிகவும் ஏழை என்று நாங்களே பிரித்தோம். பள்ளிக்கூடம் போகாத என் கையால் ஊரே வரைபடமாச்சு என்று பெருமையாக இருந்தது.

அப்போது ஒரு சின்னப் பொண்ணு கேட்டாள்: "அத்தை, ஏரிக்கரைப் பாட்டி வீடு எங்கே?"

யாரும் பேசவில்லை. விறகுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குடிசையைத் தாண்டித்தான் போவேன். பாட்டி எந்தக் குழுவிலும் இல்லை, தெருவிலும் இல்லை. அதனால் என் கணக்கிலும் இல்லை. விட்டது அதிகாரி இல்லை, நாங்கதான்.

மறுநாள் ஊர் ஓரமெல்லாம் நடந்தோம். இன்னும் இரண்டு வீடுகள் விட்டுப்போயிருந்தன. கிராம சபையில் 'மிகவும் ஏழை' பட்டியலில் பாட்டி பெயரை வாசித்தபோதுதான் எனக்கு மனசு ஆறியது.

இன்றைக்கும் நம்மைத் தேடி ஆய்வுக்கு வருகிறார்கள். எதுக்குக் கேட்கிறீங்க, முடிவை எங்ககிட்ட வந்து வாசிச்சுக் காட்டுவீங்களா என்று கேளுங்கள். அது நம் உரிமை. கூடவே நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இந்த வட்டத்தில் உட்காராமல் விட்டுப்போனது யாரு?