பன்பாயும் தாய்வழிக் குடியும்

கல்லும் செம்பும் காலத்தை வென்று நிற்பன. புல்லும் ஓலையும் அத்தகையன அல்ல. ஆதலின், கல்வெட்டையும் செப்பேட்டையும் துணைக்கொண்டு எழுதப்பெறும் வரலாற்றில் மன்னர்க்கு இடமுண்டு; அவர் காலத்து மக்கள் படுத்துறங்கிய பாய்க்கு இடமில்லை. மூங்கிற் கூடை, பனையோலைப் பெட்டி, பன்பாய் என வீடுகளில் ஆக்கப்பெற்றவை யாவும் சில்லாண்டுகளில் இற்றொழிந்தன. எனினும், பொருள் அழிந்தாலும் அதனை ஆக்கிய முறையும், அம்முறையைப் பேணிய சமூக அமைப்பும் எஞ்சியிருத்தல் கூடும். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களின் பன்பாய்த் தொழிலை அந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வூர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே நெல்வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருங்கி அமைந்தவை. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாய் இருந்தன. போர்த்துக்கேயரால் தம் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பர். அவர்தம் தொகை 4,000 எனக் கூறப்படுகின்றது. வயல் சார்ந்த வாழ்வுக்கு, அவித்த நெல்லை உலர்த்தவும், விருந்தினரை இருத்தவும், தொழவும், துயிலவும் பாய் இன்றியமையாததாயிற்று. அதற்கு வேண்டிய பன் என்னும் புல் வகையோ குளக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் தானே வளர்ந்தது. சிங்கள மொழியிலும் இப்புல்லுக்குப் ‘பன்’ என்பதே பெயர். ஒரே சொல் இரு மொழிகளிலும் வழங்குதல், இக்கைத்தொழில் இன எல்லை கடந்து பரவியது என்பதற்கு ஒரு சான்றெனலாம்.

தொழில் முறை எளியது போலத் தோன்றும். பயின்றார்க்கன்றிப் பிறர்க்குக் கைவராது. பன்னை அறுத்து வெயிலில் உலர்த்துவர். வேண்டிய பகுதியைச் சாயத்திலிட்டுக் காய்ச்சுவர். இந்நாட்டிற் பண்டு பதங்கிக் கட்டையிலிருந்து செந்நிறம் பெறப்பட்டது. பின்னர்க் கடைச் சாயம் அதன் இடத்தைப் பிடித்தது. சாயமேற்றி உலர்த்தியபின், தறியின்றி, வெறுங் கையாலேயே இழைப்பர். பாய் வளர வளர, இழைப்பவள் இழைத்த பகுதியின் மேலேயே அமர்ந்து தொழிலைத் தொடர்வாள். அளவுகோலும் வரைபடமும் அவளுக்கில்லை. கண்ணே அளவு, நினைவே வரைபடம்.

எழுதி வைக்கப்படாத இவ்வறிவைக் காத்தது யாது? பிற இடங்களோடு ஒப்பிட்டு நோக்கின் விடை தெளிவாகும். கண்டி நாட்டுத் தும்பறைப் பாயை நெய்தோர் அதற்கென அமைந்த ஒரு சாதியினர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூல் அக்காலக் கைவினைகளை விரித்துரைக்கின்றது. திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் தாமிரபரணிக் கோரையைத் தறியிலிட்டு நுண்பாய் நெய்து புகழ்பெற்றன. ஆங்குத் தறியும் வணிகமும் தொழிலைத் தாங்கின. நம் கிழக்குக் கரையிலோ இதற்கெனச் சாதியுமில்லை, தறியுமில்லை. இங்குத் தாங்கியது தாய்வழிக் குடி என்பது எம் துணிபு.

தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இப்பகுதியிற் பொதுவாயமைந்தது குடிமுறை. குடி தாய்வழியே வரும். மகளுக்கு வீடு சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். பெற்றோர் பெரும்பாலும் அருகிலேயே வேறு வீட்டிற்கு ஒதுங்குவர். இதன் பயன் யாது? மணம் முடித்த பெண் தாயின் முற்றத்தைப் பிரிவதில்லை. உம்மாவும் பெரியம்மாவும் மகளும் பேத்தியும் கூப்பிடு தொலைவில் வாழ்ந்தனர். பேத்தி பிழையாய் எடுத்த இழையை மூத்தவள் இருந்த இடத்திலிருந்தே திருத்தினாள். அம்முற்றமே பள்ளி, அவளே ஆசிரியை.

இம்முறைமை மூன்று வகையில் தளர்ந்தது. முதலாவது நிலம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றின் நீரை அணைகட்டித் தேக்கி, வயற்பரப்பை விரிவித்தது. நெல்லுக்கு அது பெருநன்மை. ஆயின் வயல் விரிய, ஊர் பெருக, புல் வளரும் தாழ்நிலம் சுருங்குதல் இயல்பே. இரண்டாவது சந்தை. பிளாஸ்ரிக் பாய் மலிவாய் வந்தது. பல நாள் உழைப்பு அதனோடு விலையிற் போட்டியிட இயலவில்லை. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையை நிறுவியது. எனினும் சட்டத்தால் வாங்குவோரை உண்டாக்க முடியாது. மூன்றாவது முற்றம். 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் 10,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பிய கரையோரக் குடும்பங்கள் பல புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தாயும் மகளும் ஒரே முற்றத்தில் வாழ்ந்த அமைப்பு அவ்விடங்களிற் சிதைந்தது.

பெண்பிள்ளைகள் பாயை விட்டுப் புத்தகத்தை எடுத்தமைக்கு நாம் வருந்தவில்லை. ஆசிரியனாகிய யான் அதனை நற்பேறென்றே கருதுவேன். வறுமையால் இரவு பகலாய் இழைத்த கைகளை மீண்டும் அதே வறுமைக்கு அழைத்தல் அறமன்று. ஆனால், புத்தகம் கற்ற மகள் தன் தாயின் அறிவைப் புத்தகத்தில் எழுதி வைத்தல் கூடும். இழையின் பெயர்கள், சாயத்தின் பக்குவம், பன் வளர்ந்த இடங்கள் ஆகியவற்றை முதியோர் வாய்மொழியாய்க் கேட்டுக் குறித்தற்குப் பெருநிதி வேண்டா. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். மாணவர்காள், அடுத்த விடுமுறையில் நும் பாட்டியரிடமிருந்தே தொடங்குக. அவர் மறைந்தபின் எந்தக் கல்வெட்டும் அதனை நமக்குச் சொல்லப்போவதில்லை.