கோரைத் தரையும் அரசரின் நாயும்

வீட்டுத் தரை நாறினால் பழி யாரைச் சேரும்? நாயையா, தரையையா? பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து இக்கேள்விக்கு இரண்டு விடைகளை விட்டுச் சென்றிருக்கிறது. இரண்டும் கார்டினல் வுல்ஸி என்ற ஒரே மனிதரைச் சுற்றி எழுந்தவை.

முதல் விடை எராஸ்மஸுடையது. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் தங்கி வாழ்ந்த அந்த டச்சு அறிஞர், 1520களில் வுல்ஸியின் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்நாட்டு வீடுகளின் தரை பெரும்பாலும் களிமண்; அதன்மேல் சதுப்புநிலக் கோரையைப் பரப்புவார்கள். அவ்வப்போது புதுக்கோரை போட்டாலும் அடியிலுள்ளதை யாரும் தொடுவதில்லை. சில இடங்களில் இருபது ஆண்டுகள்கூட அது அப்படியே கிடக்கும். எச்சில், வாந்தி, நாயும் மனிதரும் கழித்த சிறுநீர், சிந்திய பீர், மீன் எச்சம் எல்லாம் அதற்குள் ஊறிக் கிடக்கும் என்கிறார் எராஸ்மஸ். நோய்க்குக் காரணம் இதிலிருந்து எழும் ஆவியே என்பது அவர் நம்பிக்கை. கோரையை ஒழியுங்கள், காற்று வரச் சன்னல் வையுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. நாயை விரட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது விடை அரசாணையாக வந்தது. 1526இல் எட்டாம் ஹென்றியின் அரண்மனை நிர்வாகத்தைச் சீர்செய்ய வுல்ஸி வகுத்த எல்தம் விதிகள், வேட்டை நாய்களையும் காவல் நாய்களையும் அவைக்குள் வைத்திருக்கக் கூடாது என்றன. அவற்றின் இடம் வெளியே, நாய்க்கொட்டில்களில். அரண்மனை தூய்மையாகவும் நறுமணத்தோடும் இருக்க வேண்டும் என்பதே கூறப்பட்ட காரணம். விலக்கும் இருந்தது: சீமாட்டிகள் முதலானோரின் சிறிய ஸ்பேனியல் நாய்கள் உள்ளே இருக்கலாம், அரசரோ அரசியோ கட்டளையிட்டால் எந்த நாயும் வரலாம். சட்டம் நாய்களுக்குள்ளும் மேல், கீழ் பார்த்தது.

நாயைத் தடுத்த அரண்மனை கோரையைக் கைவிடவில்லை. 1598இல் கிரீனிச் அரண்மனையைக் கண்ட ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், முதலாம் எலிசபெத்தின் கொலுமண்டபத்துத் தரையில் புல் பரப்பியிருந்ததை ஆங்கிலேயர் வழக்கம் என்று குறித்து வைத்தார். எல்தம் விதிகள் பிறந்து எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆவியால் நோய் வருகிறது என்ற எராஸ்மஸின் மருத்துவம் இன்று செல்லாது. ஆனால் தரையைப் பற்றிய அவர் கணிப்பு பிழையன்று. கோரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்க, அமோனியா எழும். முன்பு கழித்த சிறுநீரின் வாடை தங்கிய இடத்தையே நாய் மீண்டும் நாடுவது வழக்கம். ஆக, அழுக்கைச் சேமித்த தரையே நாயை மறுபடியும் அழைத்தது எனலாம்.

மாற்றம் தரையிலிருந்துதான் வந்தது. பழைய பெயிண்ட் டப்பாவின்மேல் பாலாடைபோல் படர்ந்திருந்த ஆளிவிதை எண்ணெய் ஏட்டைக் கவனித்த பிரெடரிக் வால்டன், அந்த எண்ணெயையும் தக்கைத் தூளையும் துணியின்மேல் படியவைத்து லினோலியம் என்ற விரிப்பை உருவாக்கினார்; 1863இல் காப்புரிமை கோரினார். நீரை எளிதில் உறிஞ்சாத, ஈரத்துணியால் துடைத்துவிடக்கூடிய தரை நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது. 1901இல் ஹியூபர்ட் சிசில் பூத் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். குதிரைகள் இழுத்து வந்த அந்தப் பெரிய இயந்திரம் தெருவில் நிற்க, அதன் குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் நுழைந்தன. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளத்தையும் அது சுத்தம் செய்தது.

அதே எட்வர்டின் ஃபாக்ஸ் டெரியர் நாய் சீசர், அரசரின் கட்டிலருகே நாற்காலியில் உறங்கியது. அதைக் குளிப்பாட்டித் துடைக்கத் தனியே ஒரு பணியாள் இருந்தார். 1910இல் அரசரின் இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டியின் பின்னே, அயல்நாட்டு மன்னர்களுக்கும் முன்னதாக அந்த நாய் நடந்து சென்றது. வுல்ஸி வெளியே அனுப்பிய இனம் அரண்மனையின் படுக்கையறை வரை வந்துவிட்டது. சீசருக்கு வாய்த்த பணியாள் மற்ற வீடுகளில் இல்லை. அங்கே துடைப்பமும் ஈரத்துணியும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிலோ வேலைக்காரப் பெண்களின் கையிலோதான் இருந்தன.

இன்று நாய் வளர்ப்போருக்குச் சொல்லப்படும் யோசனைகளும் எராஸ்மஸ் பக்கமே சாய்கின்றன. ஈரத்தை உடனே ஒற்றியெடுக்க வேண்டும். வாடையின் மூலத்தைச் சிதைக்கும் நொதிக் கரைசலால் கழுவ வேண்டும். அமோனியா கலந்த திரவம் கூடாது, அதன் மணம் சிறுநீரை ஒத்தது. வாசனைத் திரவியம் தெளித்து மூடுவது, பழைய கோரைமேல் புதுக்கோரை பரப்புவதுதான். வீடு நாறுகிறது என்று நாயைத் தெருவில் விடத் துணிபவர், முதலில் அடியிலிருக்கும் கோரையைப் புரட்டிப் பார்க்கலாம்.