ஜுக்னிக்கு முன் வரும் அலிஃப்: ஒரு பஞ்சாபிப் பாடலின் மார்க்கப் பொருள் குறித்து

பாகிஸ்தானின் கோக் ஸ்டுடியோ நிகழ்ச்சியில் 2010ஆம் ஆண்டு ஆரிஃப் லோஹாரும் மீஷா ஷஃபியும் சேர்ந்து பாடிய 'அலிஃப் அல்லாஹ், ஜுக்னி' பற்றி ஆய்வுலகில் ஒரு வாதம் நிலைபெற்றுவிட்டது. குளிர்பான நிறுவனத்தின் பணம், செப்டம்பர் 11க்குப் பிறகு அரசுக்குத் தேவைப்பட்ட 'மென்மையான இஸ்லாம்', வீட்டில்கூடப் பஞ்சாபி பேசக் கூசும் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் ஏக்கம் ஆகிய மூன்றும் கூடிப் பெற்ற பிள்ளை இப்பாடல் என்பார்கள். இதில் மார்க்கம் வெறும் வாசனை, பஞ்சாபி வெறும் ஒப்பனை; சூஃபிக் கவிஞர் சுல்தான் பாஹூவின் ஒரு கண்ணியை நாட்டுப்புறக் கும்மாளம் ஒன்றோடு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. பணத்தையும் அரசியலையும் நான் மறுக்கவில்லை. சூஃபித்துவத்தை வளர்ப்பதற்கென்று முஷாரஃப் அரசு 2006இல் குழுவே அமைத்தது. ஆனால் ஒட்டுப்போட்டார்கள் என்ற முடிவு பாடலைக் காதால் கேட்டு எட்டியதாகத் தெரியவில்லை.

முதற்பகுதியை எடுத்துக்கொள்வோம். பாஹூ (இறப்பு 1691) பாடியதாக வழங்கும் சீஹர்ஃபியின் முதற்கண்ணி அது. எழுத்து வரிசைப்படி எழுத்துக்கு எழுத்து கண்ணி அமைப்பது சீஹர்ஃபி. அலிஃப் அதன் வாசல். கண்ணியின் பொருள் சுருக்கமாக இது: அல்லாஹ் என்னும் பூச்செடியை முர்ஷித், அதாவது ஆன்மிக வழிகாட்டி, மனத்தில் நடுகிறார், மறுப்பும் நிறுவலுமாகிய நீர் ஊற்றி வளர்க்கிறார், அது நாடி நரம்பெல்லாம் பரவி உள்ளே மணக்கிறது, நட்டவர் நீடு வாழ்க.

வாசனையைப் பற்றி எழுதியவர்கள் நீரைக் கவனிக்கவில்லை. பாடல் அதை நஃபி, இஸ்பாத் என்று கலைச்சொல்லாலேயே சொல்கிறது. வணக்கத்துக்குரியவர் எவருமில்லை என்று மறுப்பது கலிமாவின் முதற்பாதி; அல்லாஹ்வைத் தவிர என்று நிறுவுவது மறுபாதி. பாஹூ சார்ந்த காதிரிய்யா என்னும் சூஃபி வழியில் திக்ரு (இறைநினைவு) செய்வோர் இந்த இரண்டையும் மூச்சோடு சேர்த்துப் பயில்வார்கள். மதரஸாவில் சேரும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் கலிமாவைத்தான். எல்லா மதமும் ஒன்றே என்ற மங்கலான ஆன்மிகத்துக்கு இந்தக் கண்ணியில் இடம் கிடையாது. ஏகத்துவக் கொள்கையின் இலக்கணத்தையே அது சொல்கிறது. கிடாரும் டிரம்ஸும் சுற்றி ஒலித்தபோதும் ஆரிஃப் லோஹார் அந்த இரண்டு கலைச்சொற்களையும் விழுங்காமல் தெளிவாக உச்சரிக்கிறார். சந்தைக்காக மார்க்கத்தை நீர்க்கச் செய்ய நினைத்தவர்கள் முதலில் வெட்டியிருக்க வேண்டியவை அவை.

இந்த இடம் ஏன் கண்ணில் படாமல் போயிற்று? உருது ஷரீஅத்தின் மொழி, பஞ்சாபி பரவசத்தின் மொழி என்ற பங்கீட்டை ஆய்வாளர்கள் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதுதான் காரணம் என்று கருதுகிறேன். வரலாறு அப்படி இல்லை. லாகூரின் மௌல்வி அப்துல்லாஹ் 17ஆம் நூற்றாண்டிலேயே தொழுகை, நோன்பு முதலியவற்றின் சட்டங்களைப் 'பாரான் அன்வா' என்று பஞ்சாபிச் செய்யுளில் எழுதினார். 'பக்கி ரோட்டி' என்னும் சிறுநூல் ஈமானின் அடிப்படைகளைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பஞ்சாபியிலேயே கற்பித்தது. 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் பள்ளிக்கும் கீழ்நிலை நிர்வாகத்துக்கும் உருதுவை வைத்தார்கள். 1947க்குப் பின்னும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பாகிஸ்தானின் 2023 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 37 விழுக்காட்டினரின் தாய்மொழி பஞ்சாபி. அவர்களில் பெரும்பாலோர் அதை எழுதப் படித்ததில்லை. ஏட்டில் இருந்த பஞ்சாபி மறைந்தது, தர்காவிலும் மேளாவிலும் பாடப்பட்ட பஞ்சாபி மட்டும் காதில் மிஞ்சியது. மிஞ்சியதையே முழுமை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இனி ஜுக்னி. ஊர் ஊராகப் போய், கண்டதை ஒளிக்காமல் சொல்லும் பெண் உருவம் ஜுக்னி. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கண்ணி வைத்து நீட்டிக்கொண்டே போகலாம். அதில் கேலியும் வரும், தத்துவமும் வரும். அதற்கு முன் அலிஃப் வைத்தது ஸ்டுடியோக்காரர்களின் உத்தி என்கிறார்கள். ஆனால் வாரிஸ் ஷாஹ் 1766இல் முடித்த ஹீர் காவியம் எப்படித் தொடங்குகிறது? முதலில் இறைவன் புகழ், பிறகு நபி, பிறகு நான்கு தோழர்கள், அதன்பின் பீர். அதற்குப் பிறகே காதல் கதை. மியான் முஹம்மது பக்ஷின் 'சைஃபுல் முலூக்'கும் அப்படித்தான். ஆரிஃபின் தந்தை ஆலம் லோஹார் (1928–1979) மேளாக்களில் சொந்தமாக நாடகக் கொட்டகை போட்டுச் சிம்டாவைத் தட்டிப் பாடியவர். ஹீரும் சைஃபுல் முலூக்கும் பாஹூவின் கண்ணிகளும் ஜுக்னியும் அந்த ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. கரி கிளறும் இடுக்கியை நீட்டி, வளையம் கோத்தால் சிம்டா. லோஹார் என்றால் கொல்லர். 2010இன் ஒளிப்பதிவில் மகன் கையில் இருப்பதும் அதே கருவிதான்.

இணைப்பு எங்கே என்றும் கேட்கலாம். பாஹூவின் கண்ணி முர்ஷிதை வாழ்த்தி முடிகிறது. ஜுக்னியின் பல்லவி பீரை விளிக்கிறது; முர்ஷிதுக்கு இன்னொரு பெயரே பீர். வாழ்த்தப்பட்டவரிடமே அடுத்த பேச்சு தொடர்கிறது. மேளாவில் உட்கார்ந்திருந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. ஸ்டுடியோ செய்த மாற்றம் வேறு: இரவெல்லாம் நீளக்கூடியதைச் சில நிமிடங்களுக்குள் நறுக்கியது. அது பெரிய இழப்பு, ஐயமில்லை. ஆனால் நறுக்குவது வேறு, ஒட்டுப்போடுவது வேறு.

நகரத்து ரசிகருக்கு வரிகள் புரிவதில்லையே என்ற மறுப்பு உண்டு. வெள்ளிக்கிழமை குத்பாவின் அரபியும் லாகூரில் பெரும்பாலோருக்குப் புரிவதில்லை; அதனால் குத்பா ஒப்பனையாகிவிட்டது என்று யாரும் கட்டுரை எழுதவில்லை. பாஹூ தம் கைப்பட எழுதிய பஞ்சாபிப் பிரதி கிடைக்கவில்லை என்பதும் நம் வாதத்தைத் தொடாது. வாய்மொழியாக அவர் பெயரில் வழங்கியதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ரோஹைல் ஹயாத்தை மேற்கத்திய பாப்பின் வாரிசு என்று ஒதுக்குவோர், அவருடைய 'வைட்டல் சைன்ஸ்' குழுவில் பாடிய ஜுனைத் ஜம்ஷேத் பின்னாளில் தப்லீக் ஜமாஅத் என்னும் மார்க்கப் பிரசார இயக்கத்தோடு சேர்ந்து நஅத் (நபி புகழ்ப்பாடல்) பாடினார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாகிஸ்தானின் பாப் இசைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலான வேலி நாம் நினைக்கும் அளவுக்கு உயரமில்லை.

அரசு சூஃபித்துவத்தைப் பயன்படுத்திக்கொண்டது. நிறுவனம் விளம்பரம் தேடிக்கொண்டது. இரண்டும் நடந்தவை. ஆயினும் ஒரு பாடலை யார் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்து அது என்ன சொல்கிறது என்பதைப் பெற முடியாது. ஆலம் லோஹாரின் பழைய ஒலிப்பதிவுகள் பல இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. 2010ஐப் பற்றி எழுத முனைவோர் அவற்றைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.