எலும்பைக் காட்டிய வெளிச்சம்



முதுகு வலித்தால் "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்ப்பது கூட்டேரிப்பட்டில் நம் எல்லோர் வீட்டு வழக்கம். பெரும்பாலும் அதில் தவறில்லை. ஆனால் மார்பகத்திலோ புராஸ்டேட் சுரப்பியிலோ புற்றுநோய் வந்து குணமானவருக்கு அதே வலி வந்தால், நோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகம் நடந்து வந்த வழி நீண்டது.

1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார். நோய் கண்ட இடத்தில் பரவவில்லை; எலும்பு, கல்லீரல் போன்ற சில இடங்களையே நாடியது. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். மல்லாட்டை போடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1895-இல் ஜெர்மனியில் ரான்ட்ஜனின் இருட்டறையில், பேரியம் உப்பு பூசிய அட்டை தானாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டு ஒரு பொருள் வெளிச்சம் தருவதே உடனொளிர்வு. டியூப்லைட்டின் உட்பூச்சு செய்வதும் இதைத்தான். அந்த ஒளியால் எக்ஸ்ரே பிறந்தது. ஆனால் எலும்பின் தாதுச்சத்து ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் சேதம் தெளிவாகத் தெரியும்.

1962-இல் ஷிமோமுரா ஜெல்லி மீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தார். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தைப் புராஸ்டேட் புற்றுச் செல்களில் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினர். எலும்புக்குப் பரவிய செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. 2008-இல் இப்புரத ஆய்வுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனித உடலில் ஒளி ஆழம் போகாது. அதனால் நமக்கு இன்றும் உதவுவது போன் ஸ்கேன். கை நரம்பில் சிறிதளவு கதிரியக்க மருந்து செலுத்தி, அது எலும்பில் சேரும் இடங்களைப் படமெடுப்பார்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கினார். இன்று புதுச்சேரி ஜிப்மரிலும் புற்றுநோய் சிகிச்சை உண்டு.

ஆகவே, ஓய்விலும் இரவிலும் விடாத வலி என்றால், தைலத்துக்கு முன் பழைய சிகிச்சைச் சீட்டுகளுடன் டாக்டரைப் பாருங்கள். "முன்பு புற்றுநோய் இருந்தது" என்று முதலில் சொல்லுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றே போங்கள்.