பிக்கப் வண்டியும் பீரங்கியும்

எங்கள் பக்கத்தில் பிக்கப் என்றால் மீன் வண்டிதான். எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்து ஏரிக்கரைக் கிராமங்களில் பிடிக்கிற இறாலும் நண்டும் மடவையும் ஐஸ் பெட்டியில் ஏறி ஜி.என்.டி. ரோடு வழியாகச் சென்னைக்குப் போவது இந்தச் சின்ன வண்டிகளில்தான். கம்பெனி 'டாடா ஏஸ்' என்று பெயர் வைத்தாலும் நமக்கு அது 'குட்டி யானை'.

இதே மாதிரி வண்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. சோமாலியா, லிபியா, சிரியா சண்டைகளை டிவியில் காட்டும்போது கவனித்திருப்பீர்கள். நாம் ஐஸ் பெட்டி வைக்கிற இடத்தில் அங்கே மெஷின் கன் நிற்கும். சரக்கு வண்டி எப்படிச் சண்டை வண்டி ஆனது? 'காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை?' என்று நண்பர்கள் கேட்பார்கள். படித்துப் பார்த்தால் இந்தக் கதையில் பாதி விலை, ஆர்டர், வரி பற்றியதுதான்!

பண்ணையில் பிறந்தது

ஃபோர்டு மாடல் டி கார் வந்த காலத்தில் அமெரிக்க விவசாயிகள் காரின் பின்பக்கத்தை எடுத்துவிட்டு மரப்பெட்டி பொருத்திக்கொண்டார்கள். 1917-ல் ஃபோர்டு ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி சேஸிஸை விற்றது. பின்பக்கம் என்ன கட்டுவது என்பது வாங்கியவர் பாடு. 1925 ஏப்ரலில்தான் தொழிற்சாலையிலேயே பின்பெட்டி பொருத்திய பிக்கப் வந்தது. விலை 281 டாலர். முதல் வருடமே சுமார் 34,000 வண்டிகள் தயாராயின.

வேடிக்கை என்னவென்றால், ராணுவம் இதற்கு முன்பே முந்திக்கொண்டது. முதல் உலகப் போரில் எகிப்து, லிபியா பாலைவனத்தில் பிரிட்டிஷ் ரோந்துப் படைகள் மாடல் டி கார்களில் லூயிஸ் மெஷின் கன்னைப் பொருத்தி ஓட்டின. எடை குறைவு, மணலில் புதைந்தால் நாலு பேர் தள்ளினால் போதும், ரிப்பேரும் சுலபம். விவசாயிக்குப் பிடித்த அதே குணங்கள்தான் சிப்பாய்க்கும் பிடித்தன.

49 நாளில் ஒரு வண்டி

இரண்டாம் உலகப் போரில் இது பெரிய தொழிலாகவே மாறியது. டாட்ஜ் கம்பெனி தன் பிக்கப்பை அடிப்படையாக வைத்து டபிள்யூ.சி. வரிசை ராணுவ வண்டிகளைச் செய்தது. ஆயுதம் சுமக்க, அதிகாரிகளை ஏற்ற, ஆம்புலன்ஸாக ஓட என்று பல வடிவங்கள். போர் முடிந்ததும் 1946-ல் அதே வண்டி 'பவர் வேகன்' என்ற பெயரில் பண்ணைகளுக்கும் காடுகளுக்கும் விற்பனைக்கு வந்தது. ஊரிலிருந்து போருக்குப் போய், போரிலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டது.

ஜீப்பின் கதை இன்னும் சுவையானது. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வேவு வண்டி கேட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் நொடிந்துகொண்டிருந்த பான்டம் என்ற சின்ன கம்பெனி துணிந்து ஒப்புக்கொண்டது, செப்டம்பர் 23 அன்று வண்டியை ஒப்படைக்கவும் செய்தது. ஆனால் பான்டத்தால் ராணுவம் கேட்கும் அளவுக்குத் தயாரிக்க முடியாது என்று சொல்லி, அதன் வரைபடங்களை ராணுவமே வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்கள் உருவாயின. அதில் பான்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. ஐடியா ஒருவருடையது, ஆர்டர் இன்னொருவருக்கு!

வடக்கு ஆப்பிரிக்காவில் 1940-ல் உருவான பிரிட்டிஷ் 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' ஷெவர்லே டிரக்குகளில் துப்பாக்கிகளைப் பொருத்தி, எதிரியின் முதுகுக்குப் பின்னால் பல நூறு மைல் போய் வந்தது. 1942-ல் நம் இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகளின் வீரர்களைக் கொண்ட 'இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரன்' என்ற படையும் அந்தப் பாலைவனத்தில் பணியாற்றியது. பாடப் புத்தகத்தில் இதெல்லாம் நம் கண்ணில் படுவதே இல்லை.

இந்தியாவின் ஜீப்

1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-ல் அது 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. இந்தக் கம்பெனிதான் வில்லிஸ் ஜீப்பை உதிரிபாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றது. இன்று நம் ரோட்டில் ஓடும் பொலிரோ பிக்கப் அந்தக் கம்பெனியின் வண்டிதான்.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சையும் ஜீப்பால்தான் வந்தது. 1948-ல் காஷ்மீர் சண்டை நேரம். லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஜீப் ஒப்பந்தம் போட்டார் என்பது புகார். வந்து சேர்ந்ததோ 155 ஜீப், அதுவும் ஓடும் நிலையில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் கொந்தளித்தார்கள். 1955-ல் அரசு விவகாரத்தை முடித்துக்கொண்டது. 1956-ல் மேனன் மத்திய அமைச்சரானார்.

அதே ஜீப்புக்கு 1965-ல் வேறு பெயர் கிடைத்தது. பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்ற ஊரில், பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை நம் வீரர்கள் கரும்புக் காட்டில் மறைந்திருந்து எதிர்கொண்டார்கள். 4-வது கிரெனேடியர்ஸ் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியால் டாங்கிகளை அடுத்தடுத்து அடித்தார். செப்டம்பர் 10 அன்று அங்கேயே உயிரிழந்தார். இறந்த பின் அவருக்குப் பரம்வீர் சக்கரா கொடுக்கப்பட்டது. 2000-ல் வந்த அவருடைய தபால்தலையில் அந்த ஜீப்பும் இருக்கிறது.

ஒரு சின்ன ஜீப் பீரங்கியை எப்படித் தாங்கும்? சாதாரண பீரங்கி சுட்டால் பின்னோக்கி உதைக்கும், வண்டியே புரண்டுவிடும். இந்த வகைப் பீரங்கி குண்டு வெடிக்கும் வாயுவின் ஒரு பகுதியைப் பின்பக்கமாக வெளியே விடுகிறது. அதனால் உதை இல்லை. ஆனால் சுட்டவுடன் பின்னால் நெருப்பும் புழுதியும் எழும்பி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். தாமதித்தால் எதிரி குண்டு வரும். ஜீப்புக்கோ கவசம் எதுவும் இல்லை.

ராணுவத்தில் ஜீப்புக்குத் துணையாக ஜபல்பூரில் செய்த 'ஜோங்கா' வந்தது (இது நிஸான் பேட்ரோல் வடிவம்). 1991 முதல் மாருதி ஜிப்ஸி வந்தது.

கோழிக்கும் பிக்கப்புக்கும் என்ன உறவு?

1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. பதிலடியாக அமெரிக்க அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் வெளிநாட்டுச் சின்ன டிரக்குகள் உட்பட சில பொருள்களுக்கு 25% வரி போட்டார். கோழிச் சண்டை மறந்துபோனது, டிரக் வரி மட்டும் அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. அமெரிக்க பிக்கப்புக்கு உள்ளூரில் போட்டி குறைந்தது, அது வருடத்துக்கு வருடம் பருத்தது. மற்ற நாடுகளின் சந்தையில் எடை குறைந்த, மலிவான ஜப்பான் பிக்கப்கள் இடம் பிடித்தன.

அதன் விளைவைச் சண்டைக்களத்திலும் பார்க்கலாம். 1987-ல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுப் படையினர், டொயோட்டா வண்டிகளில் பிரெஞ்சு மிலன் ஏவுகணைகளை வைத்துக்கொண்டு லிபியாவின் டாங்கிப் படையையே சிதறடித்தார்கள். அந்தப் போரின் கடைசிக் கட்டத்துக்குப் பெயரே 'டொயோட்டா போர்'! பிக்கப்பைக் கண்டுபிடித்தது அமெரிக்கா, அதன் போர்ப் பெயரை எடுத்துக்கொண்டது ஜப்பான் கம்பெனி.

நம் பக்கத்து எண்ணூர்

எளாவூரிலிருந்து தெற்கே போனால் எண்ணூர். 1948-ல் அங்கே தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1970-ல் ராணுவத்துக்கு 'ஹிப்போ' டிப்பர்கள் கொடுத்தது. பிறகு அதன் 'ஸ்டாலியன்' லாரி ராணுவத்தின் முக்கியச் சுமை வண்டியானது. அதே கம்பெனி 2011-ல் 'தோஸ்த்' என்ற சின்ன சரக்கு வண்டியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராணுவ ஆர்டர் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. ஊர்ச் சந்தையும் கையில் இருந்தால்தான் தொழிற்சாலை ஓடும்.

இந்தக் கதை முழுக்க ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது: மலிவு. வாங்கும் விலை, டீசல், உதிரிபாகம் என்று நம் காஸ்ட் அக்கவுன்டிங் கணக்கில் பிக்கப்தான் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் டாங்கியில் இருக்கிற இரும்புக் கவசம் இதில் கிடையாது. வண்டியில் மிச்சம் பிடித்த அந்தச் செலவை அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் தன் உயிரால் கட்டுகிறான். அப்துல் ஹமீது கட்டியதும் அதுதான். அந்தச் செலவு எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வருவதில்லை.

பின்பெட்டியில் என்ன ஏற்றுகிறோம் என்பது வண்டியின் முடிவு அல்ல. எங்கள் ஊர் வண்டிகளில் இறாலும் ஐஸும் மட்டுமே ஏறுகிறது என்றால், அது நமக்கு வாய்த்த பெரிய பாக்கியம்.