வெட்டத் தேவையில்லாத தசை

முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்தே எனக்குத் தலை நரைத்தது. நெஞ்சுப் பகுதியை அறுக்கும் நாளில், தோலை விலக்கியதும் கத்தியைக் கீழே வைக்கச் சொல்வேன். "மார்பகத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள்." விரல் உள்ளே போகும். இரண்டாம் விலாவிலிருந்து ஆறாம் விலா வரை பரந்திருக்கும் மார்பகத்துக்கும், அதைத் தாங்கும் பெக்டோராலிஸ் மேஜர் என்ற பெரிய மார்புத் தசைக்கும் நடுவே தளர்வான ஓர் இடைவெளி உண்டு. மார்பகம் தசைமேல் வழுக்கி நகர்வது அதனால்தான்.

இப்படித் தனித்தனியாகக் கிடப்பவற்றை முக்கால் நூற்றாண்டு சேர்த்தே வெட்டினார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கட்டியை மட்டும் எடுத்தால் அதே இடத்தில் புற்று மறுபடி முளைத்தது. ஜெர்மனியில் ஃபோல்க்மான் தசையின் மேலுறையையும் உரித்தெடுக்கத் தொடங்கினார். ஐரோப்பாவில் பயின்று திரும்பிய அமெரிக்கர் வில்லியம் ஹால்ஸ்டெட் இன்னும் ஆழமாகப் போனார். மார்பகம், பெரிய மார்புத் தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாம் ஒரே துண்டாக வெளியே வர வேண்டும் என்றார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அப்படிச் செய்த 50 பேரின் விவரத்தை 1894-இல் வெளியிட்டார். வெட்டிய இடத்தில் புற்று திரும்பியது மிகச் சிலருக்கே. அதே ஆண்டு நியூயார்க்கில் வில்லி மேயர், அடியிலிருக்கும் சிறிய மார்புத் தசையையும் எடுத்தார். புற்று ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வரிசையாகப் படரும், வேலியைத் தள்ளிப் போட்டால் தப்பிக்கலாம் என்பதே அவர்கள் கணக்கு.

 

அவர்கள் வெட்டியெடுத்த அந்தப் பெரிய தசை என்ன செய்கிறது? இடுப்பில் கையை ஊன்றி அழுத்திக்கொண்டு, மறு கையால் அக்குளின் முன்மடிப்பைப் பிடித்துப் பாருங்கள், கல்லாக இறுகியிருக்கும். அதுதான் பெரிய மார்புத் தசை. 1960-களில் என் பெரியம்மாவுக்கு அதை எடுத்துவிட்டார்கள். காறை எலும்புக்குக் கீழே குழி. மெல்லிய தோலுக்கடியில் விலா எலும்புகளை எண்ணலாம். நிணநீர் வடிய வழியில்லாமல் வலது கை வீங்கிக்கொண்டே போனதால் ரவிக்கைக் கையைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்வார். மார்பில் மடித்த பஞ்சு.

மாற்றிச் சொன்னவர்கள் இல்லாமல் போகவில்லை. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் 1920-களிலேயே ரேடியம் ஊசிகளை வைத்துச் சிறிய அறுவையோடு நிறுத்திப் பார்த்தார். அதே நகரில் பேட்டி என்ற அறுவை மருத்துவர், பெரிய தசையை விட்டுவிட்டும் செய்யலாம் என்று 1948-இல் எழுதினார். அமெரிக்காவில் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே கட்டியைச் சோதிக்க மயக்கம் கொடுத்து, புற்று என்று தெரிந்தால் அதே மேசையில் மார்பையும் தசையையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் அந்தப் பெண் தெரிந்துகொள்வாள். இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதியவர், தானே அந்த நோய்க்கு ஆளான பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர்.

முடிவு கட்டியவை இரண்டு ஆய்வுகள். 1971-இல் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவிலும், 1973-இல் மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசியிடமும், எந்த அறுவை என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். மிலானில் 701 பெண்கள்; பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் அறுவை, மற்றவர்களுக்கு மார்பகத்தின் ஒரு கால் பகுதியை எடுத்துக் கதிர்வீச்சு. 20 ஆண்டுகள் கழித்தும் உயிர் பிழைத்தோர் விகிதத்தில் வேறுபாடில்லை. ஃபிஷரின் ஆய்விலும் தசையை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் ஏற்கெனவே உடலுக்குள் போயிருந்தால், வேலியை எங்கே போட்டு என்ன?

ஹால்ஸ்டெட்டை நான் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் பெண்கள் பெரிய கட்டிகளோடு வந்தார்கள். கதிர்வீச்சு கிடையாது, மருந்தும் கிடையாது. என் கோபம் அவருக்குப் பின் வந்து, சோதித்துப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்கள்மேல்.

இன்று புற்று தசைக்குள்ளேயே இறங்கியிருந்தாலொழியப் பெரிய மார்புத் தசையைத் தொடுவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பக அறுவை என்றால், கையெழுத்துப் போடும் முன் எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள், அக்குளில் எத்தனை முடிச்சுகள் என்று கேளுங்கள். அறுவைக்குப் பின் தோளுக்கான பயிற்சியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.